என் கையால் வந்தது

தனுஷ்கோடி அண்ணாச்சி விற்றுப் பார்க்காத பொருள் கிடையாது. கோவில்பட்டியில் அவருடைய அப்பாவுக்கு வத்தல் மண்டி. ஈர வத்தலைக் காய்ந்த வத்தல் என்று நம்பவைக்கும் வித்தை மீசை முளைப்பதற்குள் கைவந்துவிட்டது. பிற்பாடு நிலம் விற்றார், பழைய லாரி விற்றார், கழற்றிப் போட்ட காற்றாலை இறக்கைகளைக் கூரை போட ஆகும் என்று சொல்லி விற்றார். தொந்தியும் வழுக்கையும் வந்து சேர்ந்த வயதில் அவர் கைக்கு வந்த சரக்குதான் விசித்திரமானது. பழி. கம்பெனியிடம் கிடக்கிற பழியை வேறு யார் தலையிலாவது கட்டிவிட வேண்டும். உலகத்தில் யாரும் காசு கொடுத்து வாங்காத சரக்கு, சும்மா கொடுத்தாலும் தொடாத சரக்கு. அதையும் அண்ணாச்சி தள்ளிவிட்டுக்கொண்டுதான் இருந்தார்.

கம்பெனி என்றால் தூத்துக்குடிக்குத் தெற்கே பழைய உப்பளங்களின் மேல் எழும்பிய உலை உடைக்கும் யார்டு. ஒரு காலத்தில் ஊருக்கு ஊர் லாரி அளவில் அணு உலை வாங்கி வைத்தார்கள். ஐஸ் பேக்டரிக்கு ஒன்று, நூற்பாலைக்கு ஒன்று. கரண்ட் தண்ணீர்பட்ட பாடாக ஓடியது. உலைக்கு வயதானதும்தான் தெரிந்தது, கிழட்டு மாட்டைக்கூடக் கேரளாவுக்கு அனுப்பலாம், கிழட்டு உலையை எங்கும் அனுப்ப முடியாது என்று. எல்லாம் இங்கே வந்து குவிந்தன. ஆட்கள் உள்ளே இறங்கித் துடைத்தார்கள், அறுத்தார்கள், பிரித்து அடுக்கினார்கள்.

முன்பெல்லாம் இந்தத் தொழிலில் முதலாளிக்கு ஒரு வசதி இருந்தது. துடைக்கிறவனுக்கு ரத்தத்தில் புற்று வந்தால், பீடி குடித்திருப்பான், பரம்பரையில் இருந்திருக்கும், கிணற்றுத் தண்ணீர் சரியில்லை என்று சொல்லிக் கையைக் கழுவிவிடலாம். கதிர்வீச்சுக்கு முகமா இருக்கிறது, அடையாளம் காட்ட? அந்த வசதிக்கு உலை வைத்தது தடங்காட்டி. மாட்டுக்குச் சூடு போடுகிற மாதிரி, ஒவ்வொரு யார்டின் சரக்கிலும் அந்தந்த யார்டுக்கென்று ஓர் அடையாளப் பொடியைக் கலந்தே ஆகவேண்டும் என்று சட்டம் வந்தது. அதன்பிறகு நோயாளியின் ரத்தம் ஒரு சொட்டு போதும். எந்த யார்டின் தூசி, எந்த வருஷத்துத் தூசி, எதில் ஒட்டிக்கொண்டு, யார் யார் வியர்வையோடு சேர்ந்து உடம்புக்குள் போனது என்று இயந்திரம் புட்டுப் புட்டு வைத்துவிடும். யார்டில் அதற்குக் கோள்மூட்டி என்று பெயர்.

கோள்மூட்டி வந்த அன்று தொழிற்சங்கத்தார் வெடி போட்டார்கள். கம்பெனிகள் கொஞ்ச நாள் மூக்கைச் சிந்தின. பிறகு வக்கீல்களை விட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டன. யாருடைய தூசி என்று கேட்கிறீர்களே, அதை வெளியே கொண்டுபோனது யார் என்றும் கேட்க வேண்டாமா? கேள்வி நியாயமாகத்தான் இருந்தது. ஊரைக் கெடுக்கிற கேள்விகள் எல்லாமே அப்படித்தான் இருக்கும். சட்டம் திருத்தப்பட்டது. வாசலுக்குள்ளே பட்டால் முதலாளி பொறுப்பு. வாசல் தாண்டிப் போய்ப் பட்டிருந்தால், தாண்டவைத்த கை பொறுப்பு.

அந்தக் கையைத் தேடித்தான் தனுஷ்கோடி பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குப் போனார்.

இசக்கிமுத்து யார்டில் துடைப்பு வேலை பார்க்கிறவன். அவன் மனைவி வடிவு, பிள்ளை உண்டாகி மாதம் ஏறும்வரை யார்டின் சலவைக் கூடத்தில் இருந்தவள். இவர்களுடைய ஒரே மகள் பொன்மாரி குழந்தைகள் வார்டில், தலைமுடி எல்லாம் கொட்டிப்போய், ஒரு மரவட்டை மாதிரி சுருண்டு கிடந்தாள். மூன்று வயது முடிந்திருந்தது. புது மஜ்ஜை வைத்தால் பிழைப்பாள், வைக்காவிட்டால் அடுத்த கோடையைப் பார்க்க மாட்டாள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்த வைத்தியத்துக்கு யார்டு முழுக்க இருக்கிறவர்கள் தாலியை விற்றாலும் காணாது.

கோள்மூட்டி சொன்னது இதுதான்: தூசி இந்த யார்டின் தூசி. ஒட்டிக்கொண்டு வந்தது பருத்திப் பனியனில். பனியனில் இரண்டு பேர் வியர்வை, தகப்பனுடையதும் தாயுடையதும். வாசலைத் தாண்டியது யார் கையில் என்று அதற்குத் தெரியவில்லை.

பனியன் எப்படி வந்தது என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. பிறந்த பிள்ளைக்குப் புதுத்துணி ஆகாது, துவைத்துத் துவைத்து நைந்த பழந்துணியில்தான் சுற்ற வேண்டும் என்பது அந்தப் பக்கத்தில் சாதி, மதம் எதுவும் பார்க்காத வழக்கம். ஆனால் பழந்துணிக்கு எங்கே போவது? ஊரில் பருத்தி ஒழிந்து வெகுகாலம் ஆகிவிட்டது. எல்லாரும் உடுத்துவது பிளாஸ்டிக் நூல். அது எத்தனை வருஷம் துவைத்தாலும் நையாது, பச்சைப் பிள்ளை உடம்பில் போட்டால் கீறும். நல்ல பருத்தி இருந்த ஒரே இடம் யார்டு. பிளாஸ்டிக் துணி தூசியை இழுக்கும் என்று, உள்ளே இறங்குகிறவர்களுக்கு மட்டும் பருத்திப் பனியன் கொடுத்தார்கள். சலவைக் கூடத்தில் அது வெண்ணெய் மாதிரி ஆகிவிடும். கழித்துப்போட்ட குவியலில் வடிவு கையை விட்டுத் தடவித் தடவி, இருப்பதிலேயே மெத்தென்றிருந்த ஒன்றை எடுத்தாள். இசக்கிமுத்து அதைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு வாசலைக் கடந்தான். பனியனுக்கு எத்தனை கை என்று கேட்டால் இரண்டு என்றுதான் சொல்ல வேண்டும்.

வராந்தாவில் வைத்து அண்ணாச்சி இதமாகத்தான் பேச்சை எடுத்தார். பிள்ளை சாப்பிடுகிறதா என்று விசாரித்தார், ஆஸ்பத்திரி காப்பியைத் திட்டினார், பிறகு விஷயத்துக்கு வந்தார். இரண்டு பேரில் யாராவது ஒருவர் முன்வந்து, என் கையால்தான் வந்தது என்று வாயால் சொல்லிவிட்டால் போதும். கம்பெனிக்குப் பொறுப்பு போய்விடும், அதற்குப் பதிலாகக் கருணை வந்துவிடும். மறுவாரமே கம்பெனி செலவில் வைத்தியம் தொடங்கும்.

இசக்கிமுத்து ஒரு சந்தேகம் கேட்டான்.

"அண்ணாச்சி, அதுல தூசி இருந்துச்சுன்னா வாசல்ல மணி அடிச்சிருக்கணும்லா? அடிக்கலையே."

அடிக்கவில்லைதான். அந்த மணியின் கதை யார்டு முழுக்கத் தெரியும். முதலில் அது ஒழுங்காக அடித்தது. ஷிப்டு முடிந்து ஆட்கள் வெளியேறும்போதெல்லாம் அடித்தது. ஆளைத் திருப்பிக் குளிக்க அனுப்பி, மறுபடி சோதித்து, மறுபடி அனுப்பி, அடுத்த ஷிப்டு பஸ் வாசலிலேயே நிற்கும். ஒருநாள் யாரோ மேலிடத்திலிருந்து ஒரு வார்த்தை சொன்னார்கள். அதற்குப் பிறகு மணி கம்பத்தில் அழகாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

"மணி அடிச்சிருந்தா எம்பிள்ளைக்கு அத நான் போடுவனா?" என்றாள் வடிவு.

"இதையே கோர்ட்டுல சொல்லுங்க தாயி. ஜெயிப்பிய. எனக்கு அதுல சந்தேகமே இல்ல," என்றார் தனுஷ்கோடி. "கோர்ட்டுக்கு வருசக்கணக்கு. பிள்ளைக்கு…" அங்கேயே நிறுத்திக்கொண்டு வார்டுக் கதவைப் பார்த்தார். கடைசி விலையை நீ சொல்லாதே, எதிராளி மனசுக்குள் சொல்லிக்கொள்ளட்டும் என்பது மண்டியில் படித்த பாடம்.

இன்னொன்றும் இருந்தது, அதையும் மறைக்காமல் சொன்னார். குடித்துவிட்டுப் பிள்ளைகளை அடித்து நொறுக்கும் தகப்பன்மார்களுக்காக யாரோ நல்ல மனசுக்காரர்கள் செய்துவைத்த சட்டம் அது. பிள்ளைக்குக் கேடு வரக் காரணமானவர் அந்தப் பிள்ளைக்குக் காப்பாளராக இருக்கக் கூடாது. ஒரே வீட்டில் இருக்கக் கூடாது, தூக்கக் கூடாது, ஆள் வளர்ந்து பெரியவளாகும்வரை கண்ணில் படக் கூடாது. சொல்லுகிறவர் வீட்டைவிட்டுப் போக வேண்டும். மற்றவர் பிள்ளையோடு இருக்கலாம்.

புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. யோசித்துச் சொல்லுங்கள் என்று அண்ணாச்சி எழுந்து வந்துவிட்டார். சண்டை நடக்கும் என்று அவருக்குத் தெரியும். நீதானே எடுத்தாய், நீதானே கேட்டாய் என்று இரண்டு பேரும் பழியைப் பந்தாடி, இளைத்தவர் தலையில் அது வந்து உட்காரும். இத்தனை நாளில் அவர் பார்த்த குடும்பங்களில் அப்படித்தான் நடந்திருக்கிறது.

செவ்வாய்க்கிழமை கொட்டுகிற மழையில் இசக்கிமுத்து அவர் ஆபீசுக்கு வந்தான். உட்காரச் சொன்னதற்கு, நாற்காலி நனைந்துவிடும் என்று நின்றான். முடிவு பண்ணிவிட்டதாகச் சொன்னான். வடிவுக்குத் தெரிய வேண்டாம், மங்களூர்ப் பக்கம் யார்டில் கூடுதல் சம்பளம் என்று சொல்லிக்கொண்டு போய்விடுவேன், பிள்ளை குணமாகித் திரும்பிய பிறகு நீங்களே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டான்.

ஒப்புதலை, கோள்மூட்டியோடு இணைந்த பதிவுக் கருவியின் முன் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். "என் பிள்ளைக்கு வந்த கேடு என் கையால் வந்தது." இசக்கிமுத்து, எம்பிள்ளைக்கி வந்த கேடு எங்கையால வந்துச்சு என்றான். கருவி ஏற்கவில்லை. திருத்தமாகச் சொல்லும்படி ஒரு பெண் குரல் மரியாதையாகக் கேட்டது. மறுபடி சொன்னான். மறுபடி கேட்டது. கேடு என்ற இடம் வரும்போதெல்லாம் அந்தச் சொல்லை விழுங்கினான். பல தடவை முயன்று, அண்ணாச்சி ஒவ்வொரு சொல்லாக எடுத்துக்கொடுக்க, பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி ஒப்பித்து முடித்தான்.

தனுஷ்கோடிக்கு நிம்மதியாக இருந்தது. ஒரு பிள்ளை பிழைத்தது, ஒரு வியாபாரமும் முடிந்தது. ராத்திரி நன்றாகச் சாப்பிட்டார்.

மறுநாள், புதன்கிழமை, வடிவு வந்தாள்.

அவள் உட்கார்ந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நான் சொல்லிவிடுகிறேன் என்றாள். விலையைக் கீழே இழுப்பவர்களைத்தான் தனுஷ்கோடி ஆயுசு முழுக்கப் பார்த்திருக்கிறார். பழியை நான் எடுத்துக்கொள்கிறேன், இல்லை நான்தான் எடுத்துக்கொள்வேன் என்று ஏலம் கேட்பவர்களை எங்கும் பார்த்ததில்லை.

பிள்ளைக்குத் தாய் வேண்டாமா என்று கேட்டுப் பார்த்தார்.

"பிள்ளை அவிய நெஞ்சுலதான் படுத்து உறங்கும் அண்ணாச்சி. எங்கிட்ட வெறும் சோத்துக்குத்தான் வரும்," என்றாள் வடிவு. "நான் இல்லன்னா நாலு நாள் அழும். அவிய இல்லன்னா ஏங்கிச் செத்துப்போவும். அப்புறம் வைத்தியம் பாத்து என்னத்துக்கு?"

அப்போதே அவர் சொல்லியிருக்க வேண்டும். தாயி, உன் புருஷன் நேற்றே சொல்லிவிட்டான், வீட்டுக்குப் போ என்று ஒரே வரி. நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் தரகருக்கென்று ஒரு நெறி இருக்கிறதே. ஒரு கட்சி காதில் போட்டதை மறு கட்சி காதில் போடுகிறவனுக்கு அப்புறம் சந்தையில் இடமில்லை. இசக்கிமுத்து வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறான், வாக்குக் கொடுத்தாயிற்று. அது ஒன்று. இரண்டாவது, அதுதான் முக்கியம், அவருக்குள் இருந்த மண்டிக்காரன். எடை போட்டு முடித்த பிறகு ஒரு கை வத்தலை அள்ளிக் கொசுறாகப் போட்டால், அதை வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்த வியாபாரி எவன்? கேட்டது ஒன்று. வருவது இரண்டு. கூட ஒன்று கிடந்தால் என்ன, கெட்டா போய்விடும்? எதைப் பயன்படுத்துவது என்று பிறகு பார்த்துக்கொள்ளலாம். இரண்டு பேரில் யார் வீட்டில் இருக்க வேண்டும் என்று அவர்களே பேசி முடிவு செய்தால், மற்றதைத் தூக்கிப் போட்டுவிடலாம்.

கருவியை அவள் பக்கம் நகர்த்தினார்.

வடிவு தடுமாறவே இல்லை. முதல் தடவையிலேயே எழுத்துச் சுத்தமாகச் சொன்னாள். வழியெல்லாம் பஸ்ஸில் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்திருக்கிறாள்.

அடுத்த நாள் சென்னையிலிருந்து ஷோபனா பேசினாள். கம்பெனியின் சட்டப் பிரிவு அவள் கையில் இருந்தது. சின்ன வயது, நல்ல சுபாவம், யாரிடமும் குரல் உயர்த்தாதவள்.

"ரெண்டு பேருமே சொல்லிட்டாங்களா? தனுஷ்கோடி சார், நீங்க சாதாரண ஆள் இல்ல. மத்த யார்டுல எல்லாம் இதுக்குத் தலைகீழா நிக்கிறாங்க. நமக்குத் தானா வந்திருக்கு."

ஒன்று போதும் என்றுதானே சொன்னீர்கள், மற்றதை அழித்துவிடுங்கள் என்றார் அண்ணாச்சி.

"பதிவானதை அழிக்க முடியாது சார். எதுக்கு அழிக்கணும்? யோசிச்சுப் பாருங்க. அப்பா, அம்மா ரெண்டு பேரும் காரணம்னா, அந்தக் குழந்தைக்குக் காப்பாளர்னு யாரும் இல்ல. அந்த மாதிரி சமயத்துல, வைத்தியச் செலவை யார் ஏத்துக்கிறாங்களோ அவங்கதான் காப்பாளர். சட்டத்துலயே இருக்கு."

"யாரு அது?"

"நாம சார். கம்பெனி."

அவருக்குப் புரிந்துவிட்டது. இருந்தாலும் அவள் சொல்லட்டும் என்று காத்திருந்தார்.

"ஒருத்தர் மட்டும் சொல்லியிருந்தா, இன்னொருத்தர் காப்பாளரா இருப்பாங்க. வைத்தியம் எல்லாம் முடிஞ்சு, குழந்தை பேர்ல நம்ம மேல கேஸ் போடலாம். அந்த மணி விஷயம் இருக்கே, அது நமக்கு எப்பவும் தலைவலிதான். இப்ப அந்தக் குழந்தை சார்பா கேஸ் போடற உரிமை நம்மகிட்டயே இருக்கு. நம்ம மேல நாம போட்டுக்குவமா?"

ஷோபனா சிரித்தாள். கெட்ட சிரிப்பு இல்லை. கணக்குச் சரியாக வந்தவளின் சிரிப்பு. குழந்தையை நன்றாக வைத்துக்கொள்வோம், சென்னையில் நம்முடைய விடுதி இருக்கிறது, தோட்டம் இருக்கிறது, குணமானதும் அங்கேயே படிக்கலாம் என்றாள். குழந்தைக்கு எந்த மாதிரி பொம்மை பிடிக்கும் என்று தெரிந்தால் சொல்லுங்கள், வாங்கி வைக்கிறேன் என்றும் கேட்டாள். உண்மையான அக்கறையோடுதான் கேட்டாள்.

வாயால் எதையும் படியவைக்கிற மனிதர் அன்று பேசாத பேச்சில்லை. கெஞ்சினார், மிரட்டினார், நானே கோர்ட்டில் வந்து சாட்சி சொல்லுவேன் என்றார். தரகர் பேச்சுக்குச் சாட்சி மதிப்பு கிடையாது சார், சட்டத்தில் இருக்கிறது என்றாள் அவள், வருத்தத்தோடு. போனை வைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, கருவியைத் தன் பக்கம் திருப்பினார். தடித்த குரலில், அந்தப் பிள்ளைக்கு வந்த கேடு என் கையால் வந்தது என்று சொன்னார். கருவி கொஞ்ச நேரம் தேடியது. பிறகு அந்தப் பெண் குரல் மரியாதையாகச் சொன்னது, குழந்தையின் ரத்தத்தில் தங்களுடைய தடம் எதுவும் இல்லை. தங்கள் ஒப்புதலை ஏற்க இயலாது.

வண்டி வந்த அன்று வெயில் மண்டையைப் பிளந்தது. வெள்ளை வண்டி, உள்ளே எல்லா வசதியும் இருந்தது. ஆஸ்பத்திரி வாசலில் போலீஸ்காரர் ஒருவர் ஒரு கோட்டைக் காட்டி, இதைத் தாண்டி வரக் கூடாது என்று இரண்டு பேரிடமும் சொல்லியிருந்தார். இரண்டு பேரிடமும் என்பதைக் கேட்ட பிறகுதான் புருஷனும் பெண்டாட்டியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

நர்ஸ் தூக்கிக்கொண்டு வந்தபோது பொன்மாரி கூட்டத்தில் அப்பாவைக் கண்டுபிடித்துவிட்டாள். கையை நீட்டினாள். வரட்டும் என்று கொஞ்சம் பொறுத்தாள். அப்பா வரவில்லை என்றதும் ஏதோ விளையாட்டு என்று நினைத்தாளோ என்னவோ, முகத்தை நர்ஸின் தோளில் மறைத்துக்கொண்டு, ஒரு கண்ணால் எட்டிப் பார்த்தாள். கதவு மூடியது.

வண்டி போய் வெகுநேரம்வரை அவர்கள் அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கமே நின்றார்கள். தனுஷ்கோடி சற்றுத் தள்ளி வேப்பமரத்தடியில் நின்றார். ஓடிப்போயிருக்கலாம். போகவில்லை. வண்டி போனதும், யார் எந்த நாளில் சொன்னது என்பதை மட்டும் விட்டுவிட்டு, அவர்களுக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டார், கம்பெனி கட்டிய கணக்கு, இரண்டாவது ஒப்புதலைத் தடுக்காத தன்னுடைய மௌனம், எல்லாம். அவர்கள் அடிப்பார்கள் என்று எதிர்பார்த்தார். அவரை ஒரு பொருட்டாகவே இரண்டு பேரும் நினைக்கவில்லை.

கடைசியில் வடிவுதான் வாயைத் திறந்தாள்.

"நீங்க எப்பம் சொன்னிய?"

நீ எப்போது சொன்னாய் என்று திருப்பிக் கேட்டான் இசக்கிமுத்து.

"புதங்கெழம."

அவன் தலையை ஆட்டிக்கொண்டான். தனுஷ்கோடிக்கு அவன் மனசு ஓடுகிற ஓட்டம் கண்ணாடிக்குள் பார்ப்பது மாதிரி தெரிந்தது. முதலில் சொன்னது பிள்ளையைப் பிழைக்கவைத்தது. பின்னால் சொன்னதுதான் பிள்ளையைப் பறிகொடுத்தது. பின்னால் சொன்னது யார் என்பது, செவ்வாய்க்கிழமையே சொல்லிவிட்ட அவனுக்குத் தெரிந்துபோயிற்று. அவளுக்கு இன்னும் தெரியாது.

"நான் வியாழக்கெழம சொன்னேன்," என்றான் இசக்கிமுத்து.

வடிவு அவனைப் பார்த்தாள். பிறகு மரத்தடியில் நின்ற தரகரைப் பார்த்தாள்.

"மெய்தானா அண்ணாச்சி?"

இசக்கிமுத்துவும் அவரைப் பார்த்தான். எத்தனையோ பேரங்களில், பேச்சை முறித்துவிடாதீர்கள் என்று கண்ணால் கெஞ்சியவர்கள் உண்டு. அந்தப் பார்வை அவருக்குப் பழக்கம்தான். ஆனால் அவர்கள் எல்லாம் எதையோ வாங்கிக்கொள்ள வந்தவர்கள், கொஞ்சம் லாபம் பார்க்க வந்தவர்கள்.

"வியாழன்தான் தாயி," என்றார் தனுஷ்கோடி. "அந்திக் கருக்கல்ல வந்தாரு."

வடிவு சத்தம் போடவில்லை. "ஒரு வார்த்த எங்கிட்ட கேட்டிருக்கலாம்லா?" என்று மட்டும் புருஷனிடம் சொன்னாள். அவன், ஆமா, கேட்டிருக்கணும் என்றான்.

அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பஸ் நிற்கிற பக்கமாக நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. இசக்கிமுத்து அவளை எட்டிப் பிடிக்கிற தூரத்தில் போகவில்லை. அவள் நிழல் தன் காலில் படாத அளவுக்கு இடம் விட்டு, பின்னாலேயே நடந்துகொண்டிருந்தான்.